ஆரஞ்சுப் பந்தில் என்ன வெட்கம்?

கேள்வி: எனக்கு 44 வயது. இப்போதுதான் டென்னிஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பயிற்சியாளர் ஆரஞ்சு நிறப் பந்தைத்தான் தருகிறார். பக்கத்து கோர்ட்டில் சின்னப் பிள்ளைகளும் அதே பந்தில் ஆடுவதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. மஞ்சள் பந்தே வேண்டும் என்று கேட்டுவிடலாமா? ஆடி முடித்த பிறகு முழங்கையின் வெளிப்பக்கம் வேறு வலிக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: கேட்காதீர்கள். உங்களுக்கு வாய்த்திருப்பவர் விஷயம் தெரிந்த பயிற்சியாளர். முதல் நாளே மஞ்சள் பந்தைக் கூடை கூடையாக வீசிவிட்டு, "ஓடுங்கள், அடியுங்கள்" என்று கத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஆரஞ்சுப் பந்து, வழக்கமான மஞ்சள் பந்தைவிட ஏறக்குறைய 50 சதவீதம் மெதுவானது. அடுத்த கட்டமான பச்சைப் புள்ளி வைத்த பந்து 25 சதவீதம் மெதுவானது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007-ல் இந்தப் பந்துகளைப் பரப்பத் தொடங்கியபோது, புதிதாக ஆட வரும் பெரியவர்களையும் கணக்கில் வைத்துத்தான் தொடங்கியது. மஞ்சள் பந்து தரையில் பட்டதும் சீறிக்கொண்டு தோளுயரத்துக்கு எழும்பிவிடும். நீங்கள் மட்டையைப் பின்னால் கொண்டுபோவதற்குள் பந்து உங்களைத் தாண்டியிருக்கும். ஆரஞ்சுப் பந்து இடுப்பளவில் வரும். தோளைத் திருப்பி, உடம்புக்கு முன்னால் வைத்து அடிக்க நேரம் கிடைக்கும். அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற சண்டையில் அவர்கள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் முழங்கை வலிக்கும், பந்தை அடிக்கும் நேரத்துக்கும் தொடர்பு இருக்கலாம். பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறவர்கள் அதை மணிக்கட்டால் இழுத்து அடிப்பார்கள். பயத்தில் கைப்பிடியையும் இறுக்கிப் பிடிப்பார்கள். பேக்ஹேண்டில், அதாவது மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிக்கும்போது, இது இன்னும் மோசம். முன்கைத் தசை முழங்கையில் பிணைந்திருக்கும் இடம்தான் அதற்கு விலை கொடுக்கிறது. பந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிடியைத் தளர்த்துங்கள். பேக்ஹேண்டை இரண்டு கையால் அடியுங்கள். கைப்பிடியின் தடிமனையும் பாருங்கள்: மட்டையைப் பிடித்தபடி, விரல்நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றொரு கையின் ஆள்காட்டி விரலை நுழைக்க முடிய வேண்டும். மட்டையின் நரம்பு விறைப்பான பாலியெஸ்டராக இருந்தால், மிருதுவான வகைக்கு மாற்றிக் கொஞ்சம் தளர்வாகவே கட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குவளையைத் தூக்கினாலே வலிக்கிறது என்றால், வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். வீரம் வேண்டாம்.

அடிக்கும்போது கோர்ட்டின் மூலைக்கு மூலையாகக் குறிவையுங்கள். அப்போது பந்து வலையின் நடுப்பகுதிக்கு மேலே போகும். அங்கே உயரம் 91.4 சென்டிமீட்டர்தான்; இருபுறக் கம்பங்களில் 107. நேராக அடித்தால் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் கோர்ட்டில் மூலைவிட்டமாக அடித்தால் ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். தாழ்ந்த வலை, நீண்ட கோர்ட்: இரண்டும் உங்களுக்குச் சாதகம்.

எதிரே நிற்பவரோடு பத்துப் பந்துகள் விடாமல் அடிக்க முடிகிறதா? அப்போது நீங்களே பச்சைப் புள்ளிப் பந்தைக் கேளுங்கள். மஞ்சள் அதற்குப் பிறகு தானாக வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று: காலில் என்ன போட்டுக்கொண்டு ஆடுகிறீர்கள்? ஓட்டப் பயிற்சி ஷூ முன்னோக்கி ஓடுவதற்கானது. டென்னிஸில் பாதி ஆட்டம் பக்கவாட்டில்தான். அந்த உயரமான, மெத்தென்ற அடிப்பகுதியில் கணுக்கால் எளிதில் பிசகும். புது மட்டை வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தால், முதலில் டென்னிஸ் ஷூ வாங்குங்கள்.