நுண்ணுயிரியல் ஆய்வு என்பது நோய்க்கிருமிகளைப் பற்றியது மட்டும்தானா?

இல்லை. பாளையங்கோட்டையில் இளநிலை நுண்ணுயிரியல் படிக்கும் தங்கள் மகளுக்கு இரத்தப் பரிசோதனை நிலையத்தைத் தவிர வேறு வழியில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அத்துறையின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியேதான் இருக்கிறது.

பிசானப் பருவ நெல் அறுவடைக்குப் பின் தாமிரபரணிப் பாசன வயல்களில் விதைக்கப்படும் உளுந்தில், பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் சிறு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தால் வரும் அந்நிறம், ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். முடிச்சு பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அவ்வேலை ஓய்ந்துவிட்டது. எந்த மண்ணுக்கு எந்த ரைசோபியம் ரகம் பொருந்தும், ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து விதையில் பூசிய உயிர் உரத்திலுள்ள அந்தப் பாக்டீரியா வெயிலைத் தாங்குமா என்பனவெல்லாம் ஆய்வுக்குரிய கேள்விகளே. (பூஞ்சைக்கொல்லி கலந்த விதையில் அதே நேரத்தில் இதையும் பூசுவது வீண்செலவு.)

அதே உளுந்து இட்லி மாவாகும்போது, லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமில வாயுவால் மாவு பொங்குகிறது. உணவு நுண்ணுயிரியல் இத்தகைய நொதித்தலை ஆராய்கிறது. ஆற்றுநீரில் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா இருக்கிறதா என்று பார்ப்பது மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் என்பதால், அது சுற்றுச்சூழலுக்கும் சுகாதாரத்துக்கும் பொதுவான வேலை. என் கருத்தில், நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மண் நுண்ணுயிரியலே கைக்கெட்டும் களம். முதுநிலையில் வேளாண் நுண்ணுயிரியல் எடுக்க விரும்பினால், சேர்க்கைக்கு எந்த இளநிலைப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.