நானோ உயிரி உணரிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருப்பவன் நான். கருவியைப் பற்றிச் சொல்வேன். மருந்தைப் பற்றி மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

பேட்டை வாசகர்: நானோ உயிரி உணரி என்றால் என்ன, அண்ணாச்சி?

ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் இனங்கண்டு பற்றுகிற நொதியோ எதிர்ப்பொருளோ ஒரு பாதி. அப்படிப் பற்றியதை மின்னோட்டமாகவோ நிறமாகவோ மாற்றிக் காட்டும் அமைப்பு மறு பாதி. இரண்டும் சேர்ந்தது உயிரி உணரி. லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இல் விவரித்த குளுக்கோஸ் மின்முனையே இதன் தொடக்கம். இதில் சுமார் 100 நானோமீட்டருக்கு உட்பட்ட துகளோ இழையோ சேர்ந்தால் 'நானோ' என்ற அடைமொழி வருகிறது. இரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவே ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். ஆனால், எதைப் பற்றுகிறது, எதைப் பற்றாது என்பதுதான் உணரியின் தரம். சிறியதாக இருப்பது மட்டும் தரமாகாது.

களக்காடு வாசகர்: டெங்கு சோதனை அட்டையில் தோன்றும் சிவப்புக் கோடு சாயமா?

பெரும்பாலான அட்டைகளில் அது தங்கம். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள் பச்சை ஒளியை உறிஞ்சுவதால் சிவப்பாகத் தெரிகிறது. துகளின் மேல் ஒட்டியுள்ள எதிர்ப்பொருள், வைரஸின் என்எஸ்1 புரதத்தைப் பற்றிக்கொண்டு பட்டையில் ஊர்ந்து செல்கிறது. கோட்டில் காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அதைத் தடுத்து நிறுத்த, தங்கம் அங்கே குவிந்து நம் கண்ணுக்குப் படுகிறது. இந்தப் புரதம் காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே மிகுந்திருக்கும். ஒரு வாரம் கழித்துச் சோதித்துக் கோடு வரவில்லை என்றால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. ஐப்பசி அடைமழையில் உறையைப் பிரித்துப் போட்டு வைத்த அட்டையையும் நம்பாதீர்கள்.

மேலப்பாளையம் வாசகர்: ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாமா?

சிலிக்கான் நானோ இழைகளைக் கொண்டு புற்றுநோயோடு தொடர்புடைய புரதங்களை மிக நுண்ணிய அளவிலும் ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். ஆனால் புரதம் கூடியிருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல; ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் பிஎஸ்ஏ புரதம், அந்தச் சுரப்பி வெறுமனே வீங்கினாலும் கூடும்.

தென்காசி, வள்ளியூர் வாசகர்கள்: ஒரு சொட்டில் எல்லா நோயையும்...

மேலே எழுதியதைப் படியுங்கள்.

டவுன் வாசகர்: அல்வா தின்ற கையோடு சர்க்கரை பார்த்தேன், அளவு எகிறிவிட்டது. விரலில் ஒட்டிய அல்வாவா காரணம்?

நல்ல கேள்வி. அல்வாவில் சேர்ப்பது சுக்ரோஸ், அதாவது நாம் வாங்கும் சாதாரணச் சர்க்கரை. சோதனைப் பட்டையில் குளுக்கோஸைப் பற்றும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி அதைத் தீண்டாது. தின்ற அல்வாதான் காரணமாக இருக்கும் என நினைக்கிறேன்.

அம்பாசமுத்திரத்து அல்வாக் கடைக்காரர்: கோதுமைப் பாலைப் புளிக்க வைத்துத்தானே கிண்டுகிறோம்? புளிப்பும் சூடும் சேர்ந்தால் சர்க்கரை உடையாதா?

உடையும், அண்ணாச்சி, குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். என் பதில் அவசரப் பதில். எவ்வளவு பிரிகிறது என்பதை அளக்காமல் சொல்ல முடியாது. ஆனால் மிகச் சிறிதே போதும். கணக்கைப் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், பட்டை உறிஞ்சும் 1 மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இருப்பது வெறும் 1 மைக்ரோகிராம் குளுக்கோஸ். விரலிலிருந்து இன்னொரு மைக்ரோகிராம் கலந்துவிட்டால் கருவி 200 காட்டும். திராட்சை உதிர்த்த கையோடு குத்திப் பார்த்து நானே பதறியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி பார்த்ததும் அளவு இறங்கிவிட்டது.

பெயர் தராதவர்: எந்த நிறுவனத்தின் கருவி வாங்கலாம்?

சொல்வதாக இல்லை. பட்டையின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

டவுன் வாசகர், மீண்டும்: அப்படியானால் அல்வா தின்று எவ்வளவு நேரம் கழித்துப் பார்க்கலாம்?

இது உணரியைப் பற்றிய கேள்வி அல்ல. மருத்துவரிடம் கேளுங்கள், கையைக் கழுவிவிட்டுப் போங்கள்.