நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு டிசம்பர், ஜனவரிக் குளிரில் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு இடமாற்றம். அறை நானுஓயா ஸ்டேஷன் பக்கம். காலை எட்டு மணிக்குக் கந்தோரில் நிற்க வேண்டும். ஊரில் ஓடிய சைக்கிள் கைவசம் இருக்கிறது. "துகள் உறைபனி விழுகிறதாமே, ஓடலாமா?"

ஓடலாம். ஆனால் உறைபனியை விட ஈரத்துக்கும் இறக்கத்துக்கும் பயப்படுங்கள்.

கொமென்ட் எழுதக் காத்திருக்கிற இரண்டு பேருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவர், "எட்டுக் கிலோமீற்றருக்கு பஸ் இருக்கே, எதுக்கு இந்த வேலை" என்பவர். கேட்டவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. மற்றவர் ஒஸ்லோவிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ எழுதுவார்: "எட்டுப் பாகை எல்லாம் ஒரு குளிரா? இங்கே மைனஸ் பதினைந்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுது." உண்மைதான் அண்ணா. அங்கே வீதிக்கு உப்புப் போடுகிறார்கள், ஆணி வைத்த டயர் கடையில் கிடைக்கிறது, உடம்பும் காய்ந்திருக்கிறது. இங்கே தூறல், மூடுபனி, வியர்வை மூன்றும் சேர்ந்து ஆளை நனைத்துவிடும். நனைந்த உடம்போடு எட்டுப் பாகையில் இறங்கிப் பார்த்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள்.

உறைபனி வருவது மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியில். நிலத்துச் சூடு மேலே போய்விடும், குளிர்ந்த காற்று பாரம் என்பதால் பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால்தான் ரேஸ் கோர்ஸ் புல்லும் கிரகரி வாவிக்கரையும் மரக்கறித் தோட்டங்களும் காலையில் வெளுத்துக் கிடக்கும். தார் வீதி பகல் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பதால் அதன்மேல் உறைவது அரிது. பாலத்து இரும்பு, கான் மூடி, வீதியில் பூசிய வெள்ளைக்கோடு, இந்த மூன்றின் மேல் மட்டும் ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகப் போங்கள். உண்மையில் வழுக்குவது வேறு: மரக்கறி லொறி சிந்திய சேறு, நசுங்கிய லீக்ஸ் இலை, கரட் கழுவின தண்ணீர், பைனஸ் ஊசி, டீசல், வீதி ஓரத்துப் பாசி. இவை டிசம்பர் மழையில்தான் கூட.

காலையில் ஏற்றம். நானுஓயா ஸ்டேஷன் ஏறக்குறைய 1,620 மீற்றர் உயரம், நுவரெலியா டவுன் 1,868 மீற்றர். எட்டுக் கிலோமீற்றருக்குள் 250 மீற்றர் ஏற வேண்டும், சராசரியாக நூற்றுக்கு மூன்று. கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் சில வளைவுகளில் அதை விடக் கூட. கியர் சைக்கிள் என்றால் முன்னால் நடுச் சக்கரம் 34 பல்லு, பின்னால் 24 பல்லில் போட்டு, 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 65 சுற்று மிதித்தால் மணிக்குப் பதினொரு கிலோமீற்றர் வரும். அதாவது முக்கால் மணி நேரம். கியர் இல்லாத சைக்கிள் என்றால் பின்னால் இருக்கிற 18 பல்லு பிரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல்லுப் போடுங்கள். செயினில் ஒரு சோடிக் கண்ணி, அதாவது ஓரங்குலம், கூட்ட வேண்டி வரலாம். பின் சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ள இடம் இருந்தால் அதுவும் தேவையில்லை.

ஏற்றத்தில் குளிராது, வியர்க்கும். ஜேர்சியைப் போட்டுக்கொண்டு ஏறுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் பிழை. புறப்படும்போது கொஞ்சம் நடுங்க வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம், அது வியர்வையைக் குடித்து நாள் முழுக்க முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய பொலியெஸ்டர் ரீசேர்ட் போதும், மேலே காற்றுத் தடுக்கிற மெல்லிய ஜக்கெட், சிப்பைப் பாதி திறந்து. கந்தோர்ச் சட்டையும் ஒரு துவாயும் பொலித்தீன் பையில் சுற்றி முதுகுப் பைக்குள் இருக்கட்டும். கந்தோருக்குப் போனதும் துடைத்து, உடனே மாற்றுங்கள். "பிறகு மாற்றலாம்" என்று தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் தடிமன் பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னேரம் இறக்கம். மிதிக்கத் தேவையில்லை, அதனால் உடம்பு சூடாகாது. மணிக்கு 25, 30 கிலோமீற்றர் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். டவுனை விட்டு வெளிக்கிடும் முன்பே எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் இருக்கிற பிளக்பூல் தாண்டிக் குளிர்ந்த பிறகு நிறுத்திப் போடுவதில் பிரயோசனமில்லை. ஜேர்சி, அதன் மேல் ஜக்கெட், இரண்டுக்கும் நடுவே நெஞ்சை மூட மடித்த பேப்பர் இரண்டு தாள். சிரிக்க வேண்டாம், வெளிநாட்டு சைக்கிள் ஓட்டக்காரர்கள் மலை இறக்கத்தில் செய்வதும் இதுதான். கழுத்துக்கு மப்ளர் என்றால் நுனி இரண்டையும் உள்ளே செருகுங்கள். காலுக்கு: மேசு, அதன் மேல் சொப்பிங் பேக், அதற்கு மேல் சப்பாத்து. மழைக்கு முழு ரெயின்கோட் இறக்கத்தில் நல்லது, ஏற்றத்தில் உள்ளேயே அவிந்துவிடுவீர்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு நல்ல சாமான்தான், ஆனால் சைக்கிளுக்கு ஆகாது. செயினில் மாட்டும்.

கை முக்கியம். விரல் விறைத்தால் பிரேக் இல்லை. கம்பளிக் கையுறையும் அதன் மேல் தளர்வான ரப்பர்க் கையுறையும் போதும். நுவரெலியா டவுன் பேல் பசாரில் குளிருக்கான சாமான் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் பிரேக் பிடியை இழுத்துப் பாருங்கள். தடித்தது என்றால் எவ்வளவு சூடாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது பிரேக். இதில் அவசரப்பட மாட்டேன், யாழ்ப்பாணத்து வீதியில் பிரேக்கின் குணம் முழுதாகத் தெரிய வராது.

ரிம்மில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், பிடியை முழுக்க இழுத்தாலும் சக்கரம் சில சுற்றுகள் தன்பாட்டில் ஓடும். அலுமினிய ரிம்மிலும் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் பிடிக்கும். காசு ஒரு சக்கரத்துக்குத்தான் இருக்கிறது என்றால் முன் சக்கரத்தை மாற்றுங்கள். இறக்கத்தில் பாரம் முன்னே வருவதால் நிற்பாட்டுகிற வேலையில் பெரும்பங்கு அதற்கு. கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் இழுக்கிற பழைய பிரேக் சைக்கிளை இந்த இறக்கத்தில் மழைக்கு ஓடவே வேண்டாம்.

கட்டையை இப்படிப் பொருத்துங்கள். ரிம்முக்கும் கட்டைக்கும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி. கட்டையின் மேல் ஓரம் ரிம்மின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீற்றர் கீழே. ஏறினால் டயரை அறுக்கும், தாழ்ந்தால் தேயத்தேய சக்கரக் கம்பிக்குள் போய்விடும். கட்டையின் பின் நுனிக்கும் ரிம்முக்கும் இடையே ஒரு விசிட்டிங் காட்டை வைத்துப் பிடியை இழுத்தபடி நட்டை இறுக்குங்கள், முன் நுனி முதலில் தொடும், கீச்சிடாது. கிழமைக்கு ஒரு தரம் கட்டையின் முகத்தைப் பாருங்கள். மணலும் அலுமினியத் துகளும் புதைந்து பளபளக்கும். ஊசியால் கிளறி எடுத்துவிட்டு மண்தாளால் இரண்டு இழுப்பு இழுங்கள். செய்யாவிட்டால் அந்தத் துகள்தான் உங்கள் ரிம்மைச் சீவும். முகத்தில் உள்ள காடி மறைந்துவிட்டால் கட்டை முடிந்தது. வெயில் காலத்தில் மாதக்கணக்கில் வருகிற கட்டை, சேறும் மழையுமான காலத்தில் சில கிழமையில் போகும்.

பிடியை விட்டும் பிரேக் திரும்பவில்லை என்றால் கேபிளுக்குள் தண்ணீர் போய்த் துரு பிடித்துவிட்டது. உள்கம்பியை உருவித் துடைத்து, தையல் மெஷின் ஒயில் தொட்டுத் திரும்பச் செருகுங்கள். இழை ஒன்று பிரிந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஓடும் விதம்: நனைந்த வீதியில் வளைவுக்கு வெகு முன்பே கட்டையை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்து வையுங்கள். வேகத்தை நேர் வீதியில் குறையுங்கள், வளைந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும். இடது ஓரத்துக் கானை ஒட்டிப் போகாதீர்கள். அங்கேதான் பாசி, மூடியில்லாத கான். ஓரத்திலிருந்து ஒரு மீற்றர் உள்ளே ஓடுங்கள், வளைவில் பின்னால் வருகிற பஸ் முந்தவும் யோசிக்கும். ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். தலவாக்கலைப் பக்கம் போக நேர்ந்தால் ரதல்ல குறுக்கு வீதியை விட்டுவிடுங்கள். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் செத்த இறக்கம் அது. பெரிய வாகனத்துக்கே பிரேக் போகிற இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை.

லைட்டைத் தலையில் கட்டாதீர்கள். மூடுபனியில் கண்ணுக்கு நேரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். முன் போர்க்கில், சக்கர மட்டத்தில் கட்டினால் வெளிச்சம் பனிக்கு அடியால் போகும். பின் சிவப்பு லைட் மின்னாமல் நிலையாக எரியட்டும், மின்னினால் பின்னால் வருகிற டிரைவருக்குத் தூரம் பிடிபடாது. டயரில் உரசுகிற பழைய டைனமோ மழையில் வழுக்கும், நம்ப வேண்டாம்.

வீதி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்கு வெளியே என்றாலும். பெரிய வீதி ஓரளவு பரவாயில்லை. அதிலிருந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பிரிகிற தோட்ட வீதிகளைப் பாருங்கள், கல்லும் குழியும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க வழி விடவில்லை. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை தோட்டக் கம்பனி சபையைக் காட்டும், சபை கம்பனியைக் காட்டும். திருத்திய பிறகும் குழி எங்கே மூடியது என்று லயத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். அதே கல் வீதியில் வெளிநாட்டுக்காரர் விலை உயர்ந்த சைக்கிளில் போனால் படம் எடுத்துப் போடுகிறார்கள், ஹோட்டல் வாசலில் நிற்பாட்ட இடமும் உண்டு. தோட்டத்துப் பையன் லுமாலா சைக்கிளைக் கடை முன்னால் சாத்தினால் "அந்தப் பக்கம் எடு" என்கிறார்கள். உங்கள் கந்தோரிலும் சைக்கிள் பூட்ட ஒரு கம்பி இருக்காது, முதல் நாளே கேட்டு இடம் பிடியுங்கள்.

மிச்சம் சில்லறை. செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது, இங்கே போத்தலுக்குள்ளேயே வெள்ளையாக நிற்கும். பிரீவீலுக்குள் தடித்த கிறீஸும் வேண்டாம். குளிரில் இறுகினால் உள்ளே இருக்கிற நாக்கு எழும்பாது, மிதித்தால் பெடல் சும்மா சுற்றும். மண்ணெண்ணெயால் கழுவிக் காயவிட்டு மெல்லிய ஒயில் விடுங்கள். மழையில் ஓடிய அன்றே செயினைத் துடைத்து ஒயில் விடாவிட்டால் மறுநாள் காலை செம்மண் நிறம்.

யாழ்ப்பாணத்தில் அடித்த காற்று குளிரில் இறங்கிவிடுமா என்று கேட்பீர்கள். இறங்கும், ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் அளவுமானியில் பெரிதாகக் குறையாது. 50 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு வந்தால் எட்டுப் பாகைக் காலையில் 48 அளவில் காட்டும். ஈரத்துக்கு இன்னும் இரண்டு மூன்று குறைத்தாலும் பரவாயில்லை.

பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் இந்த ஈரக்குளிரில் சீக்கிரம் காயாது. அவசரமாக ஒட்டினால் பாதி வழியில் பிரியும். வழியில் ஒட்டவே நினைக்காதீர்கள், காற்றடித்துச் சரிபார்த்த ஒரு டியூப், இரண்டு டயர் நெம்பி, கைப்பம்ப், சக்கர நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பெனர், ஒரு சோடி பிரேக் கட்டை பையில் இருக்கட்டும். கிழிந்த டியூபை அறைக்குக் கொண்டுபோய் அடுப்படிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.