அரிய பரோக் ஓபராக்கள் வானொலியில் எப்போது வரும், எப்படிப் பிடிப்பது?

கேள்வி: ஹேண்டல், விவால்டி, போர்ப்போரா போன்ற பரோக் காலத்து (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை) இசையமைப்பாளர்களின் அதிகம் மேடையேறாத ஓபராக்களை ஐரோப்பிய வானொலிகளின் இணைய ஒலிபரப்பில் கேட்க முயல்கிறேன். ஒரு நிலையத்தில் ஜூலையில் வந்தது இன்னொன்றில் நவம்பரில் வருகிறது. சில நேரம் அறிவிப்பு கண்ணில் படுவதற்குள் ஒலிபரப்பே முடிந்துவிடுகிறது. பதிவு செய்ய வைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. எந்தக் கணக்கில் இவர்கள் நாள் குறிக்கிறார்கள்? கோவையில் இருந்துகொண்டு தவறவிடாமல் கேட்க என்ன வழி?

பதில்: நிலையங்களின் நிகழ்ச்சி நிரலை வாராவாரம் புரட்டிக்கொண்டிருந்தால் பாதி கைநழுவித்தான் போகும். எந்த ஊரில், எந்த மாதம் அந்த ஓபரா மேடையேறுகிறது, அங்கே மைக் வைக்கப்போகிற நிலையம் எது என்பதை முதலில் பாருங்கள். மீதியெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஆண்டு ஏறக்குறைய இப்படி ஓடும். ஹேண்டலின் பிறந்தநாளான பிப்ரவரி 23ஐ ஒட்டி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் அவர் பெயரில் விழா. பதிவு செய்வது எஸ்.டபிள்யூ.ஆர். வானொலி. சுவெட்சிங்கனில் 1952 முதல் நடக்கும் விழாவையும் இப்போது அதே வானொலிதான் நடத்துகிறது. அது ஏப்ரல் இறுதியில் தொடங்கி மேயில் ஓடும். மே மாதத்தை ஒட்டியே கோட்டிங்கன் ஹேண்டல் விழா. 1920இல் ‘ரோடெலிண்டா’வை மேடையேற்றி, மறந்துபோன ஹேண்டல் ஓபராக்களுக்கு உயிர் கொடுத்த ஊர் அது, அங்கே பதிவு செய்வது என்.டி.ஆர். வானொலி. ஜூனில் ஹேண்டல் பிறந்த ஊரான ஹாலே. ஜூலையில் பிரான்சின் போன் நகரம், பிரான்ஸ் மியூசிக் நிலையம். ஆகஸ்டில் இன்ஸ்ப்ரூக்கின் பழைய இசை விழா, ஆஸ்திரியாவின் ஓ-1 வானொலி. செப்டம்பரில் பைராய்ட் பரோக் விழா. 2020இல் போர்ப்போராவின் ‘கார்லோ இல் கால்வோ’வுடன் தொடங்கியது இது. இந்த ஏழு விழாக்களின் நிரலையும் எடுத்து வைத்துக்கொண்டாலே உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. நிலையத்தின் பக்கத்தில் விரிவான அறிவிப்பு கடைசி ஓரிரு வாரங்களில்தான் வரும். விழாவின் நிரலோ பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். அதன் அடியில் ஒளிபரப்பு, ஒலிபரப்புக் கூட்டாளி யார் என்ற சிறு வரி இருக்கும். அந்த வரியைத்தான் தேடவேண்டும்.

மேடையேறிய அன்றே வானொலியில் வந்தால் அது நேரடி ஒலிபரப்பு. அரிய பரோக் ஓபராக்களில் பல அப்படி வருவதில்லை. இரண்டு மூன்று மாலைகளைப் பதிவு செய்து, நல்ல பகுதிகளை ஒட்டி ஒன்றாக்கித் தருவார்கள். காரணம் எளிது. பரோக் குழுவின் வயலின்களில் இருப்பது குடல் நரம்பு. மேடை விளக்கின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் சுருதி நழுவும். நீண்ட கழுத்துள்ள நரம்பிசைக் கருவியான தியோர்போ, பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டு இரண்டும் மெல்லிய ஒலி கொண்டவை. மேடையில் ஒரு காட்சித்தட்டி உருண்டால் அந்தச் சத்தத்தில் மூழ்கிவிடும். ஓர் ஆரியாவின் (தனிப்பாடலின்) முதல் பகுதியை அலங்காரங்களோடு திரும்பப் பாடும்போது யாரோ இருமினால் முந்தைய இரவின் பதிவிலிருந்து அந்த இடத்தை எடுத்து வைக்கலாம். இந்த வேலைக்குச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் பிடிக்கும்.

ஜூலையும் நவம்பரும் வேறுபட இன்னொரு காரணம் பண்டமாற்று. 1950இல் தொடங்கிய ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வழியாக, ஒரு நிலையம் பதிவு செய்ததை மற்ற உறுப்பு நிலையங்களும் எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்த நிலையம் பாடகர் பட்டியல், நிமிடக் கணக்கு, உரிமை நிபந்தனை மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும். லிஸ்பனும் வார்சாவும் தங்களுக்கு எந்த இரவு காலியோ அந்த இரவில் போடும். ஆக, இன்ஸ்ப்ரூக் ஓபராவை ஆகஸ்டில் தவறவிட்டவருக்கு இன்னும் சில மாதங்கள் வாய்ப்பு இருக்கிறது. மனம் தளரவேண்டாம்.

எந்த இரவு காலி? ஐரோப்பாவில் ஓபராவுக்குப் பழகிப்போன நாள் சனிக்கிழமை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1931 கிறிஸ்துமஸ் நாளில் வானொலிக்கு வந்தது. அதன் சனிக்கிழமைப் பிற்பகல் ஒலிபரப்பு இன்றும் டிசம்பரில் தொடங்கிப் பல மாதங்கள் நீடிக்கிறது. அதை எடுக்கும் நிலையங்களில் அந்த மாதங்களின் சனி இரவுகள் வெர்டிக்கும் புச்சினிக்கும் போய்விடும். பரோக் ஓபரா ஞாயிறுக்கோ வார நாளுக்கோ நகரும், அல்லது கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் ஒதுங்கும். அரியவற்றைத் தேடுபவர்களுக்கு ஜூன் முதல் நவம்பர் வரைதான் நல்ல அறுவடை. இதற்கு அருமையான விதிவிலக்கு, ஆம்ஸ்டர்டாம் கன்செர்ட்கெபாவ் அரங்கில் 1961 முதல் நடக்கும் சனிக்கிழமை மேட்டினி. அரங்க அமைப்பு இல்லாமல் கச்சேரியாகவே முழு ஓபராவையும் பாடுவார்கள். காலடிச் சத்தம் இல்லாததால் வானொலிக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஐரோப்பியப் பிற்பகல் என்பதால் நமக்கு மாலையிலேயே கேட்கக் கிடைக்கும்.

இனி நீளம். டாய்ச்லான்ட்ஃபுங்க் கல்ச்சர் நிலையத்தின் சனி இரவு ஓபரா 19:05க்குத் தொடங்கும்; டபிள்யூ.டி.ஆர். 3 என்ற இன்னொரு ஜெர்மன் நிலையத்தில் ஓபரா தொடங்குவது 20:04க்கு. அந்த ஐந்து, நான்கு நிமிடங்கள் செய்திக்குப் போனவை. 19:05க்குத் தொடங்கி 22:00 செய்திக்குள் முடிக்கவேண்டும் என்றால் கையில் இருப்பது 175 நிமிடம். ஹேண்டலின் ‘ஜூலியோ செசாரே’யை வெட்டாமல் பாடினால் இசை மட்டுமே மூன்றரை மணி நேரத்தை நெருங்கும். அப்போது நிலையத்துக்கு மூன்று வழி: முன்கூட்டித் தொடங்குவது, அடுத்த நிகழ்ச்சியைத் தள்ளுவது, ஏற்கெனவே சுருக்கிப் பாடப்பட்ட நிகழ்வைத் தேர்ந்தெடுப்பது. சுருக்கும்போது முதலில் போவது வசன நடையிலான ரெசிட்டேட்டிவ். கதை புரியாமல் போவது இதனால்தான். நேரடி ஒலிபரப்பில் இடைவேளைப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். நிரலில் போட்டிருக்கும் முடிவு நேரத்தை அப்படியே நம்பிப் பதிவை நிறுத்தினால், எல்லோரும் சமாதானமாகும் கடைசிக் காட்சி உங்களுக்குக் கிடைக்காது.

உரிமை விஷயம் பலரும் எதிர்பார்க்காதது. இசையமைப்பாளர் இறந்து 250 ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும், கையெழுத்துப் பிரதியிலிருந்து பாடுவதற்கு ஏற்ற பதிப்பைத் தயாரித்தவருக்கு உரிமை இருக்கலாம். விவால்டியின் ‘மோதெசூமா’ நல்ல உதாரணம். தொலைந்ததாகக் கருதப்பட்ட அதன் இசை 2002இல் பெர்லின் சிங் அகாடமி என்ற பாடகர் சங்கத்தின் சேகரிப்பில் தெரியவந்தது. முதன்முதலில் வெளியிட்டவருக்கு 25 ஆண்டு உரிமை தரும் ஜெர்மன் சட்டத்தைக் காட்டி அகாடமி வழக்குப் போட்டது. 1733இல் வெனிஸில் மேடையேறிய ஓபரா அப்போதே வெளியானதாகத்தான் கருதவேண்டும் என்ற வாதம் வென்று, 2009 ஜனவரியில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அகாடமியின் கோரிக்கையை நிராகரித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை நடத்த நினைத்தவர்களுக்கெல்லாம் தலைவலிதான். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரமோவின் ‘லே போரேயாத்’ கதை இனிமையானது. 1763இல் ஒத்திகை நடந்தும் அரங்கேறாத அந்த ஓபராவை, அவர் மறைந்து 200 ஆண்டு முடிந்த 1964 செப்டம்பரில் முதலில் உலகுக்குக் கேட்கவைத்தது பிரெஞ்சு வானொலி. மேடைக்கு வந்தது 1982இல்.

ஒலிபரப்பு முடிந்தபின் மீண்டும் கேட்கும் வசதியையும் உரிமைதான் கட்டுப்படுத்துகிறது. 7 நாள், 30 நாள் என்று எல்லை வைப்பார்கள். அதே பதிவை குறுந்தகடாக வெளியிடும் திட்டம் இருந்தால் அந்த வசதியே இருக்காது. பி.பி.சி.யின் ஒலி நிகழ்ச்சிகளைக் கேட்கும் செயலியான பி.பி.சி. சவுண்ட்ஸ் 2025 ஜூலையில் வெளிநாட்டு நேயர்களுக்கு மூடப்பட்டது. ஆகவே ‘அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள்.

அறிவிப்பைத் தேடும்போது இசையமைப்பாளரின் பெயர் ஏமாற்றும். ஜெர்மன் நிலையங்கள் ஹேண்டலின் முதல் உயிரெழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைக்கும். பிரெஞ்சு, இத்தாலிய நிலையங்கள் புள்ளிக்குப் பதில் ஓர் ‘ஈ’ சேர்க்கும். ஆங்கிலத்தில் இரண்டும் இருக்காது. ஓபராவின் பெயரைக் கொண்டு தேடுங்கள். கிடைத்ததும் இசையமைப்பாளரைச் சரிபாருங்கள். மெட்டாஸ்டாசியோவின் ‘அர்த்தசெர்சே’ நாடகத்துக்கு 1730இல் ரோமில் வின்சியும் வெனிஸில் ஹாஸ்ஸேயும் இசையமைத்தார்கள். பின்னால் இன்னும் பலர். பிரெஞ்சு நிரலில் ‘ஆன் திரெக்ட்’ என்றால் நேரடி. ‘கோன்சேர் தொன்னே’ என்று தொடங்கி ஒரு தேதி வந்தால் பழைய பதிவு. ஜெர்மனில் ‘ஆஃப்ட்சைஷ்னுங்’ என்பது பதிவு.

நேரக்கணக்கு: ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா, இத்தாலி நேரத்தோடு கோடையில் 3:30, குளிர்காலத்தில் 4:30 மணி நேரத்தைக் கூட்டவேண்டும். மாற்றம் நடப்பது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. பிரிட்டனுக்கும் போர்ச்சுகலுக்கும் 4:30, 5:30. அதாவது 19:05 ஓபரா நமக்குக் கோடையில் இரவு 10:35, குளிர்காலத்தில் 11:35. குளிர்காலத்து 20:04 ஓபரா இங்கே மறுநாள் தேதியில் நள்ளிரவு 12:34க்கு விழும். நாள்காட்டியில் தேதியைத் தவறாகக் குறிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பதிவுக்கு: வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் போதும். அறிவித்த நேரத்துக்கு 10 நிமிடம் முன்பு தொடங்கி, முடிவுக்குப் பின் 45 நிமிடம் ஓடவிடுங்கள். 192 கிலோபிட் ஓடையில் 5 மணி நேரத்துக்குச் சுமார் 430 எம்.பி. பிடிக்கும். கணினி தானாக உறங்கும் அமைப்பை அணைத்துவையுங்கள். பதிவு பாதியில் நிற்க இதுவே முதல் சந்தேகம். கோப்பை எம்.பி.3 அல்லது ஏ.ஏ.சி. வடிவிலேயே சேமியுங்கள். எம்.4.ஏ. கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் அதுவரை பதிவானதும் திறக்காது. எம்.பி.3 என்றால் நின்ற இடம் வரை பத்திரமாக இருக்கும். இணைப்பு ஒரு நிமிடம் அறுந்தாலும் வி.எல்.சி. தானாக மீளாமல் போகலாம் என்பதால், கைபேசியில் இரண்டாவது பதிவு ஒன்று ஓடட்டும். முடிந்தால் வீட்டு வைஃபையில் அல்ல, கைபேசியின் தரவு இணைப்பில்.