பத்தாவது படிக்கிற பையன் மீனும் சோறும்தான் தின்கிறான், காய் பழம் தொடுவதில்லை. என்ன காரணம்?

கேட்டவர் கீழக்கரைப் பக்கம் என்று எழுதியிருப்பதால் அந்தக் கரைச் சமையலை வைத்தே சொல்கிறேன்.

காயின் அருமை தெரியாததால் தின்னவில்லை என்று நினைக்காதீர்கள். வைட்டமின் அட்டவணையைப் பரீட்சையில் கடகடவென்று எழுதுகிற பிள்ளைதான் கத்தரிக்காயைத் தட்டோரம் ஒதுக்குகிறது. வீட்டில் என்ன இருக்கிறது, அது உடனே எடுத்துத் தின்கிற மாதிரி இருக்கிறதா, வாப்பாவும் உம்மாவும் தின்கிறார்களா, கூட்டாளிகள் கையில் என்ன இருக்கிறது என்பவைதான் இந்த வயதில் பேசும். புத்திமதி கடைசியில்தான் வரும்.

நோன்பு மாதத்தைப் பாருங்கள். மற்ற நாளில் பப்பாளியைத் திரும்பிப் பார்க்காதவன், நோன்பு திறக்கும்போது கஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பப்பாளி, தர்பூசணித் துண்டுகளைப் பேசாமல் காலி செய்வான். தோல் சீவி, நறுக்கி, கண் முன்னால் இருக்கிறது, பசியும் இருக்கிறது, எல்லாரும் தின்கிறார்கள். பெருநாள் முடிந்ததும் அதே பப்பாளி முழுசாக ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கிடந்து அழுகும். பள்ளி விட்டு வருகிற நாலரை மணிக்கு, அவன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால், நறுக்கிய பழத் தட்டு மேசையில் இருக்கட்டும். 'தின்னு' என்று சொல்லவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, காயும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இதில் சேராது; மாவுச்சத்துள்ள பனங்கிழங்கையும் அந்தப் பக்கமே வையுங்கள். உருளை வறுவலைக் காயாக எண்ணும் வீடுகள்தான் அதிகம். ஐந்து பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் பொரியல் என்றால் ஆளுக்கு 50 கிராம். காய் சமைத்தோம் என்ற திருப்திதான் மிச்சம்.

தனியாகப் பொரியல் வைத்து மல்லுக்கட்டுவதைவிட மீன் குழம்புச் சட்டியிலேயே காயைக் கூட்டுவது சுலபம். ஒரு கிலோ மீனுக்கு இரண்டு முருங்கைக்காய், கால் கிலோ கத்தரிக்காய், ஒரு மாங்காய் தாராளமாகத் தாங்கும். முருங்கையையும் கத்தரியையும் உப்பு, மஞ்சள், மசாலா கலந்த தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, அப்புறம்தான் புளி ஊற்ற வேண்டும். முதலிலேயே புளி சேர்த்தால் அந்தப் புளிப்பு காயை லேசில் வேகவிடாது. அரைவேக்காட்டுக் கத்தரியைப் பிள்ளை ஒதுக்கினால் தப்பு அவனுடையதில்லை. மாங்காய் போடுகிற அன்று புளியைப் பாதியாக்குங்கள். கொதி வந்ததும் மாங்காய், பிறகு மீன். அதற்கப்புறம் கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றிவிட்டால் போதும்.

முருங்கைக்கீரையைப் பிள்ளைகள் வெறுப்பதற்கு இரண்டு காரணம்: முற்றிய இலையின் கசப்பு, மூடி போட்டு வேகவைத்த பாசி நிறம். மூடினால் கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறாமல் உள்ளேயே நின்று பச்சையைக் கெடுக்கும். கொழுந்தாக உருவி, திறந்த சட்டியில் சில நிமிடம் வதக்கித் தேங்காய்ப்பூ தூவுங்கள். கீரை அன்று மீனும் இருந்தால் இன்னும் நல்லது. கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள மீன் உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது வீணாகும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

கிணறெல்லாம் உப்பாக இருக்கிற ஊரில் வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று யோசனை சொல்வது சுலபம். மதுரையிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வண்டியேறி வருகிற பீன்ஸ் இங்கே வரும்போதே வாடியிருக்கும். அதனால் முருங்கை, பூசணி, வாழைக்காய் மாதிரி வாட்டம் தாங்குகிறதை வாங்குங்கள். சித்திரை, வைகாசியில் நுங்கும் மாம்பழமும் மலியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் வரத்து குறையும். பெரும்பகுதி பள்ளி விடுமுறையும் கூட. புதுக் காயைப் பழக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு தடவை வேண்டாம் என்றதற்காக விட்டுவிடாதீர்கள், பத்துத் தடவையாவது தட்டில் வரட்டும்.

பள்ளி வாசலில் மிளகாய்த்தூள் தடவி விற்கிற மாங்காய்ப் பத்தையைத் திட்டாதீர்கள். ஈ மொய்க்காமல் மூடி வைத்திருந்தால் அதுவும் பழக்கணக்குதான், பாக்கெட் சிப்ஸுக்கு ஆயிரம் மடங்கு மேல்.

சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும், அடுத்த வருஷம் முழுக்க டிபன் டப்பாதான். வெள்ளரியை நறுக்கினால் உப்பைத் தனியாக மடித்துக் கொடுங்கள். முன்கூட்டியே தூவினால் மதியத்துக்குள் தண்ணீர் விட்டுவிடும். பழத்துக்குக் கெட்டியான கொய்யா. வாழைப்பழம் புத்தகப் பையில் ஒரே ஒரு நாள் நசுங்கி, கணக்கு நோட்டில் ஒட்டிக்கொண்டால் போதும், அப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் பையில் பழம் ஏறாது.