ஃபுல் டைம் வேலைக்குப் போயிட்டே படிக்க முடியுமா? ரெண்டையும் எப்படி சமாளிக்கிறது?

முடியும். நான் மூணு வருஷம் வேலையில இருந்துகிட்டே ஒரு டிகிரி முடிச்சேன், அதனாலதான் சொல்றேன். கேள்வியில "ஆபீஸ் முடிஞ்சு வந்து நைட்டு உட்கார்ந்தா மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பிரச்சனையே அங்கதான் இருக்கு.

முதல் செமஸ்டர்ல நானும் அதையேதான் பண்ணேன். வாரத்துக்கு 168 மணி நேரம், அதுல வேலைக்கு 48, போக வர 10, தூக்கத்துக்கு 49 போனாலும் 61 மணி நேரம் கையில நிக்குதேன்னு கணக்குப் போட்டு, தினமும் பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிப்புன்னு டைம்டேபிள் எழுதி சுவத்துல ஒட்டினேன். ஒரு நாள் காலையில நோட்டைத் திறந்து பார்த்தா, முந்தின நாள் எழுதின கடைசி வரி பாதியில சரிஞ்சு வெறும் கோடாகி பக்கத்தோட ஓரம் வரைக்கும் இழுத்துகிட்டுப் போயிருக்கு. அதுக்கு மேல இருக்கிற ரெண்டு பாரா என் கையெழுத்துதான், ஆனா அதுல ஒரு வரி கூட படிச்ச ஞாபகம் இல்ல. அந்த செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு, ரொம்ப நாள் மனசு ஆறல.

அதோட நைட்டு படிக்கிறதையே விட்டுட்டேன். சீக்கிரம் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்து ஒண்ணே கால் மணி நேரம், அவ்ளோதான். வேலை நம்மளைப் பிழிஞ்சு எடுக்கறதுக்கு முன்னாடி தெளிவா இருக்கிற நேரத்தைப் படிப்புக்குக் குடுத்துடணும். ஷிஃப்ட் வேலைன்னா தூங்கி எழுந்ததும் படிங்க, அது எந்த நேரமா இருந்தாலும் சரி. தூக்கத்தை மட்டும் வெட்டாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன், படிச்சது மனசுல பதியறதுக்கு தூக்கம் ரொம்ப முக்கியம்.

ஒண்ணே கால் மணி நேரம் எப்படிப் பத்தும்னா, படிக்கிற முறையையும் மாத்தினேன். ஹெர்மன் எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்ளோ வேகமா மறக்குதுன்னு அளந்து 1885லயே வெளியிட்டார், முதல் ஒரு நாளுக்குள்ளயே பெரும்பகுதி போயிடுது, அப்புறம்தான் மறக்கற வேகம் குறையுது. 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் மாணவர்களை வச்சு சோதிச்சப்போ, ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முந்தினாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்சதுல பாடத்தைப் பார்க்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தவங்கதான் முன்னாடி. அதனால நான் காலையில படிச்சதை சாயங்காலம் பஸ்ல புத்தகம் திறக்காம ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிப் பார்ப்பேன், எது வரலையோ அதைத்தான் மறுநாள் முதல்ல எடுப்பேன். போக வர அந்த 10 மணி நேரம் எனக்கு அப்படித்தான் உதவுச்சு.

ஆபீஸ்ல படிக்கிறதை மறைக்காதீங்க. நான் மறைச்சேன், எக்ஸாமுக்கு முந்தின நாள் லீவு கேட்டா கிடைக்கல. அடுத்த தடவை எக்ஸாம் தேதி வந்த அன்னைக்கே மேனேஜருக்கு மெயில் போட்டேன், அவரே என் வேலையை வேற ஒருத்தருக்கு மாத்தி விட்டார். வீட்லயும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமை பாதி நாள் புத்தகமே தொடாம அவங்களோட இருங்க.

எத்தனை பேப்பர் எடுத்திருக்கீங்கன்னு எழுதல. நாலு அஞ்சுன்னா, கோர்ஸ்ல அனுமதி இருந்தா இந்த தடவை ரெண்டாக் குறைச்சுக்கோங்க. முடிக்க ஒரு வருஷம் கூட ஆனாலும் பரவாயில்ல.