502 வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

வணக்கம் ஐயா,

பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதிய ஒரு வலைச் செயலியை வாடகைச் சர்வரில் ஏற்றப் போராடிக்கொண்டிருக்கிறேன். உபுண்டு 22.04, ஒரே கோர், 1 ஜிபி நினைவகம். முன்னால் கோரிக்கைகளை வாங்கும் வலைச் சர்வர் எஞ்சின்எக்ஸ், பின்னால் ஜாங்கோவை ஓட்டும் கூனிகார்ன், நடுவில் இரண்டும் பேசிக்கொள்ளும் கோப்பான யூனிக்ஸ் சாக்கெட். டெர்மினலில் கையால் ஓட்டினால் கூனிகார்ன் ஒழுங்காக எழுகிறது. பின்னணியில் தானாக ஓடும்படி சிஸ்டம்டி சர்வீஸாக வைத்தால் சில நேரம் எழவே மாட்டேன் என்கிறது, எழுந்தாலும் உலாவியில் 502 பேட் கேட்வே, பின்னால் இருப்பதிடம் சரியான பதில் கிடைக்கவில்லை என்ற பிழை. எதை எதையோ மாற்றி, ரீபூட்டும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் என் ஹோம் கோப்புறை முழுவதற்கும் 777 அனுமதி (எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) கொடுத்தேன். தளம் திறந்தது. ஆனால் சிஎஸ்எஸ் இல்லாமல் வெறும் எழுத்தாக வருகிறது, பெரிய எக்ஸெல் அறிக்கையை இறக்கினால் மறுபடியும் 502. எங்கிருந்து தொடங்குவது?

செ.

அன்புள்ள செ.,

மற்றதெல்லாம் பிறகு. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய இப்போது திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பை மூடிவிடாதீர்கள். ஹோம் கோப்புறையில் மற்றவர்களும் எழுதலாம் என்ற நிலை இருந்தால், எஸ்எஸ்ஹெச் சர்வர் உங்கள் சாவியை ஏற்காது. ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற விதி இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதுதான் காரணம். கடவுச்சொல் நுழைவையும் நீங்கள் அணைத்திருந்தால் அடுத்தமுறை உள்ளே வர வழி இருக்காது. ஹோம் கோப்புறைக்கு 750, அதனுள் இருக்கும் .எஸ்எஸ்ஹெச் கோப்புறைக்கு 700, அதிலுள்ள சாவிக் கோப்புகளுக்கு 600 என்று உடனே மாற்றுங்கள். பிறகு இன்னொரு டெர்மினலைத் திறந்து நுழைய முடிகிறதா என்று பார்த்த பின்பே பழையதை மூடுங்கள்.

திட்டக் கோப்புறையில் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். ஃபைண்ட் கட்டளையால் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். ஆனால் எல்லாக் கோப்புக்கும் 644 கொடுத்தால் விர்ச்சுவல் என்விரான்மென்டின் (செயலிக்கென்று பைத்தான் நூலகங்களை நிறுவிய கோப்புறை) ‘பின்’ (bin) என்ற உள்கோப்புறையில் உள்ளவை இயக்கும் உரிமையை இழந்துவிடும். அந்த என்விரான்மென்டை அழித்து ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பிலிருந்து புதிதாக நிறுவிவிடுவதே சுத்தம். ரகசியச் சாவியும் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருக்கும் கோப்பு 600-ல் இருக்கட்டும். இவ்வளவு நேரம் அது சர்வரில் ஓடும் எந்த நிரலும் படிக்கவும் திருத்தவும் கூடியதாக இருந்தது. எனவே அந்த இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

அனுமதிகளைத் திருப்பியதும் 502 மறுபடி வரும். வரட்டும், இந்த முறை காரணத்தோடு பிடிப்போம்.

502 தெரிகிறது என்றாலே பாதி வழி சரியாக இருக்கிறது. டொமைன் சரியான முகவரிக்குப் போகிறது, ஃபயர்வால் வழிவிடுகிறது, எஞ்சின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது. ஃபயர்வால் தடுத்திருந்தால் உலாவி நெடுநேரம் காத்திருந்து கைவிட்டிருக்கும். எஞ்சின்எக்ஸ் விழுந்திருந்தால் இணைப்பு உடனே மறுக்கப்பட்டிருக்கும். ஆகவே தேட வேண்டிய இடம் எஞ்சின்எக்ஸுக்கும் கூனிகார்னுக்கும் நடுவில், அல்லது கூனிகார்னுக்குள்.

இனி /வார்/லாக்/எஞ்சின்எக்ஸ்/எர்ரர்.லாக் கோப்பை டெயில் கட்டளையால் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ஒருமுறை ஏற்றுங்கள். புதிதாக விழும் வரியில், அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். உலாவிக்கு எல்லாமே 502தான், நோய் எது என்பதை இந்த எண்தான் சொல்லும்.

எண் 2 என்றால் சாக்கெட் கோப்பே அங்கு இல்லை. கூனிகார்ன் எழவில்லை, அல்லது எஞ்சின்எக்ஸ் அமைப்பில் எழுதிய பாதையும் சர்வீஸ் கோப்பில் எழுதிய பாதையும் வேறு. சாக்கெட்டை /டிஎம்பி-க்குள் வைத்து, சர்வீஸுக்குத் தனி டிஎம்பி தரும் பிரைவேட்டெம்ப் இயக்கத்தில் இருந்தாலும் இதே எண் வரும். கூனிகார்ன் பார்க்கும் டிஎம்பி வேறு, எஞ்சின்எக்ஸ் பார்க்கும் டிஎம்பி வேறு.

எண் 111 என்றால் சாக்கெட் இருக்கிறது, மறுமுனையில் கேட்க ஆள் இல்லை. எழுந்த கூனிகார்ன் செத்துவிட்டது. சாக்கெட்டுக்குப் பதில் போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, போர்ட் எண் பொருந்தாதபோதும் இதுதான் வரும்.

எண் 13 என்றால் அனுமதி இல்லை. உங்களுக்கு இதுதான் வரும் என்று நினைக்கிறேன், 777 கொடுத்ததும் தளம் திறந்ததே அதற்குச் சான்று. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் கோப்புறை 750 அனுமதியோடு உருவாகிறது. எஞ்சின்எக்ஸ் ஓடுவதோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக. ஹோம் கோப்புறைக்குள் காலடி வைக்கவே அதற்கு உரிமை கிடையாது, உள்ளே சாக்கெட்டுக்கு எந்த அனுமதி கொடுத்தாலும் பயனில்லை. பழைய உபுண்டுக்காக எழுதிய வழிகாட்டிகள் சாக்கெட்டைத் திட்டக் கோப்புறையிலேயே வைக்கச் சொல்வதால்தான் இத்தனை பேர் இதில் மாட்டுகிறார்கள். நேம்ஐ கட்டளையை -எல் கொடியோடு சாக்கெட்டின் முழுப் பாதைக்கு ஓட்டினால், வேர் முதல் சாக்கெட் வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாகத் தெரியும். வழி அடைபட்ட இடம் அதில் கண்ணில் பட்டுவிடும்.

தீர்வு, சாக்கெட்டை ஹோமிலிருந்து வெளியே எடுப்பது. சர்வீஸ் கோப்பில் ரன்டைம்டைரக்டரி என்ற வரியில் செயலியின் பெயரைக் கொடுங்கள். சர்வீஸ் எழும்போது சிஸ்டம்டியே /ரன் கோப்புறைக்குள் அந்தப் பெயரில் ஒரு கோப்புறையை, சரியான உரிமையாளரோடு, 755 அனுமதியில் உருவாக்கும். கையால் உருவாக்காதீர்கள். /ரன் நினைவகத்தில் இருப்பது, ரீபூட் ஆனால் மறைந்துவிடும். கூனிகார்ன் உருவாக்கும் சாக்கெட் இயல்பிலேயே எல்லாருக்கும் திறந்தது என்பதால் வேறு அனுமதி தேவையில்லை. இரண்டு அமைப்புக் கோப்புகளிலும் பாதையை மாற்றி, சிஸ்டம்சிடிஎல்லில் டீமன்-ரீலோட் கொடுத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின்எக்ஸை -டி கொடியோடு சோதித்த பிறகே ரீலோட் செய்யுங்கள்.

கையால் ஓட்டினால் எழுவது சர்வீஸாக ஏன் எழவில்லை? உங்கள் டெர்மினலுக்குத் தெரிந்த எதுவும் சிஸ்டம்டிக்குத் தெரியாது. அது டெர்மினலின் தொடக்க அமைப்பான பாஷ்ஆர்சி கோப்பைப் படிப்பதில்லை, என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்வதில்லை. சர்வீஸ் கோப்பின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் என்விரான்மென்டுக்குள் இருக்கும் கூனிகார்னின் முழுப் பாதை வேண்டும். ஒர்க்கிங்டைரக்டரி, மேனேஜ்.பிஒய் இருக்கும் இடமாக இருக்க வேண்டும். மாறிகளை என்விரான்மென்ட்ஃபைல் வழியாகக் கொடுங்கள், அதில் வரியின் தொடக்கத்தில் எக்ஸ்போர்ட் என்று எழுதக் கூடாது. ஒரு மாறிக்குள் டாலர் குறியிட்டு இன்னொரு மாறியை அழைத்தாலும் அங்கே விரியாது.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும் எண்ணையும் கவனியுங்கள். 203 என்றால் இயக்க வேண்டிய கோப்பு அங்கு இல்லை, அல்லது இயக்கும் உரிமை இல்லை. 200 என்றால் ஒர்க்கிங்டைரக்டரிக்குள் போக முடியவில்லை. 217 என்றால் நீங்கள் எழுதிய பயனர் இல்லை. வெறும் 1 அல்லது 3 என்றால் கூனிகார்ன் வரை போய் உள்ளே பைத்தான் பிழை. அப்போது சர்வீஸின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லை -யூ கொடியும் சர்வீஸ் பெயரும் கொடுத்துத் திறந்து, முதல் டிரேஸ்பேக்கை, அதாவது பைத்தான் பிழை விவரத்தை, தேடுங்கள். ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் இருந்தால் ஒரே பிழை மீண்டும் மீண்டும் பதிவாகி, 10 வினாடிக்குள் 5 முறை எழுந்து விழுந்ததும் சிஸ்டம்டி முயற்சியை நிறுத்திவிடும். கடைசி வரி அந்த நிறுத்தத்தை மட்டுமே சொல்லும், காரணம் மேலே இருக்கும்.

சர்வீஸ் எழுந்ததும் உலாவிக்கு ஓடாதீர்கள். கர்ல் கட்டளையை --யூனிக்ஸ்-சாக்கெட் கொடியோடு நேராகச் சாக்கெட்டிடம் பேச விடுங்கள், ஹோஸ்ட் தலைப்பில் உங்கள் டொமைனைக் கொடுங்கள். 200 வந்தால் கூனிகார்ன் பக்கம் முடிந்தது, மிச்சக் குற்றம் எஞ்சின்எக்ஸ் அமைப்பில். 400 வந்தால் ஜாங்கோ ஏற்கும் டொமைன்களின் அலவ்ட்_ஹோஸ்ட்ஸ் பட்டியலில் டொமைன் இல்லை. 500 வந்தால் செயலியில் பிழை. இந்த ஒரு சோதனை மணிக்கணக்கான ஊகத்தை மிச்சப்படுத்தும்.

அறிக்கையின் 502 முற்றிலும் வேறு கோளாறு. இங்கே எஞ்சின்எக்ஸ் லாகில் எண் இருக்காது, மேல்முனை (இங்கே கூனிகார்ன்) இணைப்பை முன்கூட்டியே மூடிவிட்டது என்ற செய்தி இருக்கும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். 30 வினாடி கடந்ததும் 502 வந்தால் அது கூனிகார்னின் இயல்பான டைம்அவுட், ஜர்னலில் ஒர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் கூனிகார்னின் கிளைநிரல்) டைம்அவுட் என்ற வரி இருக்கும். கூனிகார்னின் வரம்பை மட்டும் உயர்த்தினால் எஞ்சின்எக்ஸின் 60 வினாடி வரம்பில் இடித்து 504, அதாவது காத்திருந்த நேரம் முடிந்தது என்ற பிழை, வரும். நேரம் ஒவ்வொரு முறையும் மாறினால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் அவுட் ஆஃப் மெமரி என்ற வரியோடு பைத்தான் பெயர் இருந்தால் கெர்னலே ஒர்க்கரைக் கொன்றிருக்கிறது.

கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்ற கணக்குப்படி உங்களுக்கு 3 ஒர்க்கர் வரும். அந்தக் கணக்கு கோரைப் பார்க்கிறது, நினைவகத்தைப் பார்ப்பதில்லை. அதே 1 ஜிபியில் தரவுத்தளமும் ஓடினால் 2 போதும். நினைவகம் நிறைந்தால் வட்டில் இடம் தரும் ஸ்வாப் 1 ஜிபி சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸெல் எழுதும் நூலகமான ஓப்பன்பைஎக்ஸெல் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் ரைட்-ஒன்லி முறைக்கு மாறுங்கள், முழுத் தாளையும் நினைவகத்தில் வைக்காமல் வரி வரியாக எழுதும். தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் குவரிசெட்டில், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றாத இட்டரேட்டரைப் பயன்படுத்துங்கள். டைம்அவுட்டை 300 ஆக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூனிகார்னின் இயல்பான வகையான சிங்க் ஒர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். இரண்டு பேர் ஒரே சமயம் அறிக்கை கேட்டால் மற்ற எல்லாருக்கும் தளம் உறைந்து நிற்கும். அறிக்கையைச் செலரி போன்ற பின்னணி வரிசையில் தயாரித்து, முடிந்ததும் இறக்கும் இணைப்பைக் கொடுப்பதுதான் நிலைக்கும் வழி.

சிஎஸ்எஸ் விஷயம் எளிது. உங்கள் கணினியில் அந்தக் கோப்புகளைப் பரிமாறுவது ஜாங்கோவின் சோதனைச் சர்வரான ரன்சர்வர், கூனிகார்ன் அந்த வேலையைச் செய்வதில்லை. அவை சேரும் கோப்புறையான ஸ்டாடிக்_ரூட்டை ஹோமுக்கு வெளியே, உதாரணமாக /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ-வுக்குள் வையுங்கள். கோப்புகளை அங்கே திரட்டும் கலெக்ட்ஸ்டாடிக் கட்டளையை ஓட்டுங்கள். எஞ்சின்எக்ஸில் லொக்கேஷன், ஏலியஸ் இரண்டு பாதைகளும் சாய்கோட்டில் முடியட்டும். அதன்பின் 403 வந்தால் அனுமதி, 404 வந்தால் பாதை.

எல்லாம் ஓடியதும் சர்வீஸுக்கு எனேபிள் கொடுத்து ஒருமுறை ரீபூட் செய்து, தானாக எழுகிறதா என்று பாருங்கள். ஹெச்டிடிபிஎஸ் சேர்க்கும்போது எஞ்சின்எக்ஸிலிருந்து எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்பை அனுப்பி, ஜாங்கோவில் செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடரையும் அமைத்துவிடுங்கள். இல்லாமல் எஸ்எஸ்எல் ரீடைரக்டை மட்டும் இயக்கினால் பக்கம் தனக்குத்தானே திருப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் கிடைக்காவிட்டால் 80-ஆம் போர்ட் உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவிலும் வாடகை நிறுவனத்தின் ஃபயர்வாலிலும் திறந்திருக்கிறதா, டொமைனில் பழைய சர்வரைக் காட்டும் ஐபிவி6 பதிவு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் சிக்கினால் எஞ்சின்எக்ஸ் லாகின் அந்த ஒரு வரியையும் ஜர்னலின் முதல் டிரேஸ்பேக்கையும், கடவுச்சொற்களை நீக்கிவிட்டு, அனுப்புங்கள்.